வாரம் இரண்டு மணி நேரத்தில் ஒரு குழந்தையை வாசிக்க வைக்க முடியுமா?

கேள்வி இதுதான். கேட்டவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. அவரும் வகுப்புத் தோழர்கள் ஏழு பேரும் ஒரு தொடக்கப் பள்ளியின் வாசிப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளோடு இருக்க வேண்டும். "எங்களில் யாருக்கும் ஆசிரியப் பயிற்சி கிடையாது. நாங்கள் போவதால் குழந்தைகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? போய் என்னதான் செய்வது? எங்களுக்குத் தேர்வு வந்தால் சில வாரம் போக முடியாது, அது பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் எடுத்துவிட்டு, இப்போது இப்படி வரும் மாணவர்களை ஒருங்கிணைக்கும் வேலையைச் செய்கிறேன். அதனால் மூன்று கேள்விகளுக்கும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பயன் உண்டு. பயிற்சி பெறாத தன்னார்வலர்களால் குழந்தைகளின் வாசிப்பு முன்னேறுமா என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கேரி ரிட்டரும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட 21 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன்னார்வலரோடு வாசித்த குழந்தைகள், அப்படி வாசிக்காத குழந்தைகளைவிட முன்னேறியிருந்தார்கள். வந்தவர் பெற்றோரா, கல்லூரி மாணவரா, ஊர்க்காரரா என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. ஒவ்வொரு நாளும் என்ன செய்வது என்ற ஒழுங்கு இருந்த திட்டங்கள்தான் கூடுதல் பயன் தந்தன. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய வாசிப்பு முகாம்களைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள். அங்கே பாடம் நடத்தியவர்கள் நான்கு நாள் பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர் இளைஞர்கள். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் முகாமுக்கு வந்த குழந்தைகள் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊர்களின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேர்தான் முகாம்களுக்கு வந்தார்கள். சொல்லிக்கொடுத்த முறை வேலை செய்தது. குழந்தையும் தன்னார்வலரும் ஒரே இடத்தில் தொடர்ந்து சந்திப்பதுதான் நடக்கவில்லை.

என் அனுபவத்திலும் இதையேதான் பார்க்கிறேன். திறமையான ஒருவர் மூன்று முறை வந்து போவதைவிட, சாதாரணமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் முப்பது முறை வருவது அந்தக் குழந்தைக்கு நல்லது. எனவே முதல் நாளே உங்கள் எட்டுப் பேருக்குள் குழந்தைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு குழந்தை, அதிகம் போனால் மூன்று. அந்தக் குழந்தைகள் ஆண்டு முழுதும் உங்களுடையவர்கள். "இன்றைக்கு யார் ஃப்ரீயோ அவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். வாரா வாரம் முகம் மாறினால் குழந்தை தன் தடுமாற்றத்தை யாரிடமும் காட்டாது. மனப்பாடமாகத் தெரிந்த பக்கத்தைத் திறந்து ஒப்பித்துவிட்டுப் போய்விடும்.

பள்ளியில் ஆசிரியர் இருக்கும்போது நீங்கள் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிட வகுப்பு, முப்பத்தைந்து குழந்தைகள். எல்லோரையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் ஆளுக்கு ஒரு நிமிடம் வருகிறது. அந்த ஒரு நிமிடத்திலும் நன்றாகப் படிக்கும் குழந்தை ஒரு பக்கத்தை முடித்துவிடும். திணறும் குழந்தை ஒரு வரியைத் தாண்டாது. நன்றாகப் படிப்பவர் மேலும் படிக்கிறார், திணறுபவர் படிப்பதையே தவிர்க்கிறார், இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது என்பதை உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986-இல் விளக்கமாக எழுதினார். ஒரு குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் வாசிக்க, ஒருவர் அதைக் கவனமாகக் கேட்பது என்பது வகுப்பறையில் எந்த ஆசிரியராலும் தர முடியாத ஒன்று. ஆசிரியரின் வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. அவருக்குக் கிடைக்காத நேரத்தைக் கொடுத்தால் போதும்.

அதே 1986-இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. இந்த இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்றார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உங்களிடம் வரும் குழந்தைகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஒரு குழந்தை கதை சொன்னால் கண் விரியக் கேட்கும், கேள்வி கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும், ஆனால் எழுத்தைப் பார்த்தால் ஒடுங்கிவிடும். இன்னொரு குழந்தை கடகடவென்று வாசிக்கும், முடித்ததும் "என்னம்மா நடந்தது கதையில்?" என்றால் விழிக்கும். முதல் குழந்தையோடு எழுத்திலும் சொல்லிலும் நேரம் செலவிட வேண்டும். இரண்டாவது குழந்தையோடு பேச வேண்டும். இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு மணி நேரத்தைக் கொடுத்தால் பாதி நேரம் வீண்.

முதல் நாளில் புத்தகத்தைக் கையில் கொடுத்து "படி, பார்க்கலாம்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள், பெயர் கேளுங்கள், எந்தப் படம் பிடித்தது என்று கேளுங்கள். இரண்டாம் நாள், விளையாட்டுப் போல, நான்கு துண்டுத் தாள்களை எடுத்து வையுங்கள். ஒன்றில் தனி எழுத்துகள், ஒன்றில் இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள், ஒன்றில் இரண்டு சின்ன வாக்கியங்கள், ஒன்றில் ஐந்தாறு வரிக் கதை. எந்தத் தாளில் குழந்தையின் வேகம் குறைகிறதோ அங்கிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும். வயதையும் வகுப்பையும் மறந்துவிடுங்கள். எட்டு வயதில் சொல் படிக்கத் திணறும் குழந்தைக்கு மூன்றாம் வகுப்புப் பாடநூலைத் தந்து வாசிக்க வைப்பது நீச்சல் தெரியாதவரைக் கிணற்றின் நடுவில் இறக்குவது போன்றது.

தமிழ் வாசிக்கும் குழந்தை எங்கெங்கே தடுக்கி விழும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் இந்த இடங்கள் நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

தமிழ் எழுத்துகள் 247 என்று மலைக்க வைக்கிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. உயிர்மெய்களில் பெரும்பாலானவை துணைக்கால், கொம்பு, சுழி என்று சில அடையாளங்களை ஒட்டிக்கொள்வதால் உண்டாகிறவை. அந்த அடையாளங்களைப் பிடித்துக்கொண்ட குழந்தை 247-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கொம்பு. "கெ" என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. ஆனால் வாயில் முதலில் வருவது க், அப்புறம்தான் எ. "கொ"வில் இன்னும் கடினம். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் க. குழந்தை கொம்பைத் தாண்டிக் ககரத்தைப் படித்துவிட்டு, காலைப் பார்த்ததும் "கா" என்று சொல்லிவிடும். இது கவனக்குறைவு இல்லை. இடமிருந்து வலமாகப் படி என்று நாம் சொன்னதை அது அப்படியே செய்கிறது. கொம்பு வந்தால் அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார், அதற்குப் பின்னால் கால் இருக்கிறதா என்றும் பார் என்று விரலால் மூன்றையும் சேர்த்து வட்டமிட்டுக் காட்டினால் சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று உகர வரிசை. பு, யு, வு ஒரு மாதிரி. து, நு, லு வேறு மாதிரி. கு, டு, மு என்று வந்தால் இன்னும் வேறு மாதிரி. ஆகார வரிசையில் ஒரு காலைக் கற்றுக்கொண்டு பதினெட்டிலும் ஒட்டிவிடலாம், இங்கே அது நடக்காது. ஆகவே உகர, ஊகார எழுத்துகளைத் தனியாக, நாளுக்கு இரண்டு மூன்று என்று, சொல்லுக்குள் வைத்தே காட்டுங்கள். "கு" என்று தாளில் எழுதிக் காட்டுவதைவிட "குடை", "குதிரை" என்று காட்டுவது நன்றாக நிற்கும்.

அடுத்தது ஒலி. நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான். "கடல்" என்னும்போது ஒரு ஒலி, "தங்கம்" என்னும்போது ஒரு ஒலி, "பகல்" என்னும்போது இன்னொரு ஒலி. ட, த, ப எல்லாவற்றுக்கும் இப்படி உண்டு. பேசத் தெரிந்த குழந்தைக்கு இந்த ஒலிகள் எல்லாம் தெரியும். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது "ப... ந்... து" என்று தனித்தனியாகச் சொல்லும்போது கடைசித் துகரத்தை வலிந்து சொல்லும். சேர்த்துச் சொன்னால் அதற்குத் தெரிந்த எந்தச் சொல்லும் காதில் விழாது. முகத்தில் குழப்பம் தெரியும். அப்போது "இதை வேகமாகச் சொல்லு, நீ விளையாடுகிற பொருள்" என்று ஒரு தூண்டுதல் கொடுங்கள். சட்டென்று "பந்து!" என்று சொல்லும் அந்தக் கணம்தான் வாசிப்பு நடக்கும் கணம். எழுத்துக்கூட்டுவதற்கும் படிப்பதற்கும் இடையில் இந்த ஒரு தாவல் இருக்கிறது. அதைக் குழந்தையே தாவட்டும்.

மூன்றாவதுதான் பலரும் தவறாகக் கையாளும் இடம். புத்தகத்தில் "பூனை வந்தது" என்று இருக்கும். குழந்தை "பூனை வந்துச்சு" என்று வாசிக்கும். "அவர்கள்" என்பதை "அவங்க" என்று வாசிக்கும். "வீட்டிற்கு" என்பதை "வீட்டுக்கு" என்று வாசிக்கும். புதிதாக வரும் மாணவர்கள் உடனே நிறுத்தித் திருத்துகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: "வந்தது" என்பதை "வந்துச்சு" என்று ஒரு குழந்தை வாசிக்க வேண்டுமானால் அது அந்தச் சொல்லைப் படித்து, பொருள் புரிந்து, தன் வாய்மொழிக்கு மாற்றியிருக்க வேண்டும். புரியாமல் இதைச் செய்யவே முடியாது. அங்கே நிறுத்தினால் "நீ புரிந்துகொண்டது தப்பு" என்று சொல்வதாக ஆகிவிடும். பக்கம் முடியட்டும். அப்புறம் வேண்டுமானால் அந்த வரியை நீங்கள் ஒரு முறை எழுத்தில் உள்ளபடி வாசியுங்கள், போதும். நம் பேச்சும் எழுத்தும் இவ்வளவு தள்ளி இருப்பதால் எழுத்துத் தமிழ் என்பதே அந்தக் குழந்தைக்குப் பாதி புது மொழி. அது காதில் நிறைய விழ வேண்டும். நீங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதற்கு இதுவே போதுமான காரணம். "வந்தது" என்பதை "வைத்தது" என்று வாசித்தால் அது வேறு, பொருள் மாறுகிறது. அங்கே நிறுத்துங்கள்.

ல, ள, ழ வேறுபாட்டையும் ந, ன, ண வேறுபாட்டையும் உச்சரிப்பில் திருத்திக்கொண்டே இருப்பதற்கு இந்த ஒரு மணி நேரம் இடம் இல்லை. விட்டுவிடுங்கள்.

சரி, குழந்தை ஒரு சொல்லில் நின்றுவிட்டது. என்ன செய்வது? முதலில் பேசாமல் இருங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஐந்து என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், பக்கத்தில் ஒரு குழந்தை திணறும்போது அது மிக நீண்ட நேரமாகத் தெரியும். உதவ வேண்டும் என்ற துடிப்பில்தான் நாம் முந்திக்கொள்கிறோம். அப்படி முந்தினால் நான்கைந்து முறைக்குப் பிறகு குழந்தை சொல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். ஐந்து எண்ணியும் வரவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். அது திரும்பச் சொல்லட்டும், மேலே போங்கள். அந்தச் சொல்லுக்காக ஐந்து நிமிடம் எழுத்துக்கூட்ட வைத்தால் கதை செத்துப்போகும். "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்று ஊகிக்கச் சொல்லவும் வேண்டாம். படத்தைப் பார்த்து "நாய்" என்று சொல்லிவிடலாம், ஆனால் நாளை படம் இல்லாத பக்கத்தில் அந்தச் சொல் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. கண் எழுத்தின் மேல் போகட்டும். படம் கதையைப் பேசுவதற்கு.

இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கு நன்றாக நடக்கும் ஒரு முறை உண்டு. பிரிட்டனில் ரோஜர் மார்கன் 1970-களில் உருவாக்க, பின்னால் கீத் டாப்பிங் பரப்பியது. ஆசிரியப் பயிற்சி இல்லாத பெற்றோர்களும் மூத்த மாணவர்களும்கூடச் செய்யக்கூடியது. இருவரும் சேர்ந்து, ஒரே குரலில், குழந்தையின் வேகத்தில் வாசிக்கிறீர்கள். தனியாக வாசிக்கத் தைரியம் வந்ததும் குழந்தை மேசையில் ஒரு தட்டு தட்டும். நீங்கள் உடனே குரலை நிறுத்திக்கொள்ள வேண்டும். அது தனியாகப் போகும். எங்காவது தடுக்கி, நான்கைந்து நொடியில் வரவில்லை என்றால் நீங்கள் சொல்லைச் சொல்கிறீர்கள், அது திரும்பச் சொல்கிறது, மறுபடி இருவரும் சேர்ந்து வாசிக்கிறீர்கள், அடுத்த தட்டு வரும்வரை. அவ்வளவுதான். எப்போது தனியாகப் போவது என்ற முடிவு குழந்தையின் கையில் இருக்கிறது என்பதுதான் இதன் உயிர். என்னிடம் வந்த ஒரு பையன் முதல் ஆறு வாரம் ஒரு முறைகூடத் தட்டவில்லை. அவனோடு உட்கார்ந்த மாணவி, "இவனுக்கு இது ஒத்துவரவில்லை போலிருக்கிறது, வேறு ஏதாவது செய்யட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள். பொறு என்றேன். ஏழாவது வாரம் ஒரு வரிக்கு மட்டும் தட்டினான். அடுத்த வாரம் ஒரு பக்கத்துக்கு. அந்த ஆறு வாரமும் அவன் சும்மா இருக்கவில்லை, அவள் குரலின் நிழலில் வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மறுக்காதீர்கள். "இதைத்தான் போன வாரம் படித்தோமே" என்று சொல்லத் தோன்றும். அமெரிக்க ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் எழுதியது இதைத்தான்: அதே சின்னப் பகுதியை மறுபடி மறுபடி வாசிக்கும் குழந்தையின் வேகம் கூடுகிறது, பிழை குறைகிறது, அடுத்த புதிய பகுதியையும் முன்பைவிடச் சுலபமாகத் தொடங்குகிறது. சொல்லை அடையாளம் காண்பதில் மனசு செலவாவது குறையக் குறைய, பொருளுக்கு இடம் கிடைக்கிறது. புத்தகம் தேர்ந்தெடுப்பதற்குப் பழைய விரல் கணக்கு போதும். ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் குழந்தை ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஒன்று இரண்டோடு நின்றால் அதுவே வாசிக்கட்டும்.

இனி நீங்கள் வாசித்துக் காட்டும் நேரம். ஒவ்வொரு நாளும் கடைசிப் பதினைந்து நிமிடம் இதற்கென்று வையுங்கள், எவ்வளவு நேரம் குறைந்தாலும் இதை வெட்டாதீர்கள். குழந்தை தானாகப் படிக்கக்கூடிய புத்தகம் அதன் மனதைவிடச் சின்னதாக இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு யோசிக்கவும் ரசிக்கவும் தெரிந்த விஷயங்கள், அது எழுத்துக்கூட்டிப் படிக்கும் நான்கு வரிப் புத்தகத்தில் இருக்காது. அந்தப் பசியை உங்கள் குரல்தான் தீர்க்க வேண்டும்.

வாசித்துக் காட்டுவதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோரும் ஒரு மாதம் குழந்தைக்குப் புத்தகம் வாசித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், வாசிக்கும்போது குழந்தையைப் பேச வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மாத முடிவில் அந்தக் குழுவின் குழந்தைகள் பேச்சுத் திறனில் பல மாதங்கள் முன்னால் இருந்தார்கள். செய்தது சின்ன விஷயம். "இது என்ன?" என்று கேட்டு நிறுத்தாமல் "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்பது. குழந்தை "யானை ஓடுது" என்றால், "ஆமாம், யானை பயந்துபோய்க் காட்டுக்குள்ளே ஓடுகிறது" என்று அதன் வாக்கியத்தையே கொஞ்சம் நீட்டித் திருப்பித் தருவது. "நீ அந்த யானையாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று அதன் வாழ்க்கைக்கு இழுப்பது.

கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிக்குள் அடுத்த கேள்விக்கோ அடுத்த குழந்தைக்கோ தாவியிருந்தார்கள். மூன்று நொடி காத்திருக்கப் பழக்கியபோது பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத குழந்தைகளும் பேசினார்கள். அதே சமயம் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டு வாசிப்பைத் தேர்வாக்கிவிடவும் கூடாது. ஒரு கதைக்கு மூன்று நான்கு இடம் போதும். சில கதைகளுக்கு ஒன்றும் வேண்டாம். முடிந்ததும் இருவரும் சும்மா இருந்தால்கூடச் சரி.

பாராட்டு பற்றி ஒரு வார்த்தை. "நீ ரொம்பப் புத்திசாலி" என்பதைத் தவிர்த்துவிடுங்கள். கிளாடியா மியூலர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகளில் பலர் அடுத்துச் சுலபமான வேலையையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு முறை தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் கடினமானதை எடுத்தார்கள். ஆகவே நடந்ததைச் சொல்லுங்கள். "அந்தச் சொல்லில் நின்றாய், திரும்பிப் பார்த்தாய், நீயே சரிசெய்தாய்." இதைக் கேட்கும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். நீங்கள் உண்மையாகவே கவனித்தீர்கள் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்று முதலில் சொன்னேன். நான் மாணவர்களுக்குச் சொல்வது: முதல் பத்து நிமிடம் போன முறை வாசித்த பழைய கதை. அடுத்த பத்து நிமிடம் எழுத்து, சொல் விளையாட்டு. அப்புறம் இருபது நிமிடம் புதிய புத்தகம், சேர்ந்தும் தனியாகவும். கடைசியில் நீங்கள் வாசித்துக் காட்டுவது. மீதி உள்ள சில நிமிடம், அன்று குழந்தை எப்படி வாசித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதற்கு. ஐந்து வயதுக் குழந்தையானால் எல்லாவற்றையும் பாதியாக்கி, இடையில் எழுந்து ஆட விடுங்கள். உட்காரும்போது எதிரே உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் நீங்கள் தேர்வாளர். பக்கத்தில் உட்கார்ந்தால் இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கிறீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாத சில உண்டு. மற்றவர்கள் பார்வை படும் இடத்திலேயே உட்காருங்கள், கதவு சாத்திய அறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. இது குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. குழந்தையின் படத்தை எடுக்காதீர்கள், எங்கும் பகிராதீர்கள். அதன் வாசிப்பு நிலையைப் பற்றி நண்பர்களிடம்கூடப் பெயர் சொல்லிப் பேசாதீர்கள். பரிசும் தின்பண்டமும் வாங்கித் தராதீர்கள். பக்கத்துக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. பேச்சுவாக்கில் ஒரு குழந்தை தன்னை யாரோ அடிப்பதாக, துன்புறுத்துவதாகச் சொன்னால் அமைதியாகக் கேளுங்கள், துருவிக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் திட்டங்களைப் பற்றிய 65 ஆய்வுகளை பீட்டர் கோஹன், ஜேம்ஸ் குலிக், சென்-லின் குலிக் மூவரும் 1982-இல் தொகுத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் மட்டுமல்லாமல், கற்றுக்கொடுத்த மாணவர்களும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள். எங்களிடம் வந்த மூத்த மாணவர்களில் சிலர் தாங்களே தமிழை நிறுத்தி நிதானமாக வாசிக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசிப்பில் திணறிய ஒரு பையனை, அவனைவிடச் சின்னக் குழந்தைக்கு வாசித்துக் காட்டச் சொன்னோம். அதற்காக அவன் எளிய புத்தகத்தை வெட்கமில்லாமல் நான்கு நாள் பழகினான்.

இப்போது மூன்றாவது கேள்வி, தேர்வு. பரவாயில்லை என்று பொதுவாகச் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டுப் போனால் பரவாயில்லை. குழந்தைகளுக்கு நாட்காட்டி தெரியாது. உங்கள் இரண்டு வார இடைவெளியை "அக்கா இனிமேல் வர மாட்டாங்க, நான் சரியாகப் படிக்கவில்லை" என்றுதான் சில குழந்தைகள் எடுத்துக்கொள்கின்றன. ஒரு முறை எங்கள் திட்டத்தில் ஒரு மாணவர் சொல்லாமல் நின்றுவிட்டார். அவரோடு வாசித்து வந்த குழந்தை மூன்று வாரம் அதே மேசையில் போய் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யாரோடும் உட்கார மறுத்தது. அதற்கப்புறம் ஒரு விதி வைத்தோம். சேரும்போதே உங்கள் தேர்வு நாட்களையும் விடுமுறை நாட்களையும் எழுதித் தர வேண்டும். போவதற்கு முந்தைய இரண்டு சந்திப்பிலும் குழந்தையிடம் சொல்ல வேண்டும்: "அடுத்த இரண்டு வாரம் எனக்குப் பரீட்சை. அதற்கப்புறம் இந்தக் கிழமை வருவேன்." ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுங்கள், ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வரட்டும். நீங்கள் எட்டுப் பேர் இருப்பதால், இருவர் இருவராக ஜோடி சேர்ந்து, ஜோடியின் குழந்தைகளையும் முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தேர்வு என்றால் மற்றவர் போகலாம். அது புது முகமாக இருக்காது. ஆண்டு முழுவதும் வர முடியாது என்று இப்போதே தெரிந்தால், மூன்று மாதம் என்று சொல்லிச் சேருங்கள். சொன்ன மூன்று மாதத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு விடைபெறுவது நல்லது.

விடைபெறும் நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே சொல்லத் தொடங்குங்கள். கடைசி நாளில், முதலில் வாசித்த புத்தகத்தை மறுபடி எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அன்று எப்படி நின்று நின்று வாசித்தது, இன்று எப்படிப் போகிறது என்பதைக் குழந்தையே தன் காதால் கேட்கட்டும். முதல் நாளிலிருந்து எழுதி வந்த நோட்டை அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். போன ஆண்டு ஒரு மாணவி விட்டுச் சென்ற நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "கொம்பு வந்தால் இன்னும் கொஞ்சம் நிற்பாள், காத்திருங்கள். வந்தது என்பதை வந்துச்சு என்று படிப்பாள், திருத்த வேண்டாம். யானைக் கதை என்றால் எத்தனை முறையும் கேட்பாள். இடது பக்கம் உட்காருங்கள். வலது கையால் பக்கத்தைத் தானே திருப்ப வேண்டும் அவளுக்கு."